இரவல் வெளிச்சம்

போன அத்தியாயத்தில் துன்யா டிவியில் பேசியதைப் படித்ததிலிருந்து நம் வாசகிகள் பலருக்கு அவள் மேல் கோபம். கடிதம் போட்டுத் திட்டியிருக்கிறார்கள். திட்டட்டும், அவள் செய்தது திட்டு வாங்க வேண்டிய காரியம்தான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. துன்யா குழந்தைப் புத்தகங்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் போடுகிறவள். கோடும் வண்ணமும் அவளுடையது. அதற்கு மேல் ஃபில்டரும் எஃபெக்டும் போட்டு, படத்தை முடித்துத் தருகிறவள் அவளுடைய நாத்தனார் நெவேனா. போன புத்தகத்துக்குப் பரிசு கிடைத்தது. பேட்டி எடுத்தவள், படங்களில் இருக்கும் அந்த மாலை வெளிச்சம் எப்படி வந்தது என்று கேட்டாள். டான்யூப் கரையில் வளர்ந்தவளுக்கு அது கையிலேயே வந்துவிடும் என்று துன்யா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். நெவேனா பேரை எடுக்கவே இல்லை.

வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அதைப் பார்த்த நெவேனா, மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு சுபோத்திட்சாவில் இருக்கிற தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது ஒரு சொல் சொல்லவில்லை. நாலு வார்த்தை கத்திவிட்டுப் போயிருந்தால் துன்யாவுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

இன்று லூக்கா திருநாள். துன்யாவின் கணவன் ரஸ்த்கோவின் குடும்பத்துக்கு அவர்தான் காவல் புனிதர். அப்பா போன பிறகு மெழுகுவர்த்தி ஏற்றும் பொறுப்பு மகன் ரஸ்த்கோவுக்கு வந்திருக்கிறது, அதனால் மருமகள் துன்யாவுக்கும் வந்திருக்கிறது. விடியும் முன்பே எழுந்து சர்மாவுக்காகக் கோஸ் இலையில் கறியைச் சுருட்டிச் சுருட்டிச் சட்டியில் அடுக்கினாள். கோதுமையை வேகவைத்து, அரைத்து, வால்நட்டும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து, வருகிறவர்கள் முதலில் ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளத் தட்டில் குவித்தாள். கை வேலை செய்ததே தவிர மனசு வேலை அறையில்தான் இருந்தது.

பதிப்பகத்து பிசெர்கா அம்மா வருகிறேன் என்று சொல்லியிருந்தார். புதுப் புத்தகத்துக்கு மாதிரிப் படம் மூன்றையும் பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தைக் கையிலேயே கொடுத்துவிட்டுப் போகிறாராம். அந்த மூன்று படத்தையும் நெவேனா இல்லாமல் துன்யாவே முடித்திருந்தாள். முடித்திருந்தாள் என்று சொல்வது அவளுக்கு நாம் காட்டுகிற மரியாதை.

இத்தனை நாளும் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்று உண்டு. ஃபில்டர் போடுவது என்ன பெரிய வித்தையா? சூப் நான் வைக்கிறேன், அவள் மேலே மிளகுத்தூள் தூவுகிறாள். தூவினவளுக்கு எதற்குப் புத்தகத்தில் பேர்? ரஸ்த்கோவிடமும் இதையே ஒரு தடவை சொன்னாள். அவனும் மனைவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினான்.

நெவேனா போகும்போது தன்னுடைய ஃபில்டர்களையெல்லாம் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்படி பதிந்து, அதற்கு 'சாயங்காலம்' என்று பேர் வைத்திருந்தாள். ஒரு தட்டு தட்டினால் போதும், மங்கலாக்குவது, ஒளி கூட்டுவது, காகிதத்தின் சொரசொரப்பைக் கொண்டுவருவது எல்லாம் தானாக ஓடிவிடும். துன்யா தட்டினாள்.

புதுக் கதை, விடியற்காலைப் பனியில் தொலைந்த கன்றுக்குட்டியைத் தேடிப்போகும் ஒரு சின்னப்பெண்ணின் கதை. 'சாயங்காலம்' ஓடி முடிந்ததும் பனியெல்லாம் கடுகுப் பசை நிறத்துக்கு வந்துவிட்டது. மஞ்சளைக் குறைத்தாள், பெண்ணின் முகம் பிணம் மாதிரி நீலம் பாரித்தது. ஒளியைக் கூட்டினாள், கன்றுக்குட்டி குண்டு பல்பாக எரிந்தது. அதை மறைக்க மங்கலாக்கினாள், மங்கலை மறைக்க மேலே பொடிப் புள்ளிகளைத் தூவினாள். ஒரு கட்டத்தில் கண்ணே கெட்டுவிட்டது. எது நல்லது, எது கெட்டது என்று தெரியவில்லை. இத்தோடு போதும் என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட ஃபில்டர் அடுக்குகளையெல்லாம் படத்தோடு சேர்த்து ஒட்டி, சேமித்து, மூடிவிட்டாள்.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடுக்கு தனித்தனியாக இருக்கும்வரைதான் தப்பை எடுக்கலாம். ஒட்டி மூடிவிட்டால் மாவில் கரைந்த உப்புதான், பிறகு யாராலும் எடுக்க முடியாது.

நடுப்பகலில் வீடு நிறைந்துவிட்டது. இந்தத் திருநாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. தெரிந்தவர்கள் தாமாக வருவார்கள், வந்தவரை வாசலோடு அனுப்பக்கூடாது. மாமாக்களும் பக்கத்து வீட்டார்களும் பிளம் சாராயக் கோப்பையோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

மணி அடித்தது. ரஸ்த்கோ கதவைத் திறந்தான். வாசலில் நெவேனா நின்றிருந்தாள்.

அண்ணன் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தாள். உள்ளே வந்து மெழுகுவர்த்தி முன்னால் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு துன்யா நீட்டிய தட்டிலிருந்து ஒரு கரண்டி கோதுமையை எடுத்து வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

"சர்க்கரை சரியா இருக்கு, அண்ணி," என்றாள். "அப்பாவோட புனிதரைப் பாக்க வந்தேன். வேற ஒண்ணும் இல்ல."

துன்யாவுக்கு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வா என்றுகூட வாயில் வரவில்லை. நெவேனா அதை எதிர்பார்த்த மாதிரியும் தெரியவில்லை. ஆணியில் தொங்கிய பழைய ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு, பிறந்த வீட்டு உரிமையோடு எச்சில் தட்டுகளை எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பிசெர்கா அம்மா வந்தார். குட்டையான உருவம், கறாரான வாய். நாற்பது வருஷமாகப் படப்புத்தகம் போடுகிறவர். ஒரு கரண்டி கோதுமை, ஒரு மடக்கு சாராயம், எல்லாருக்கும் ஒரு வணக்கம். அவ்வளவுதான், படத்தைக் காட்டு என்று எழுந்துவிட்டார். துன்யா வேலை அறைக்கு அழைத்துப்போனாள். ரஸ்த்கோவும் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றான். மனைவிக்கு ஏதோ சரியில்லை என்று அவனுக்கும் காலையிலிருந்தே தெரிந்திருந்தது.

பிசெர்கா அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் படத்தைப் பார்த்தார். கதை விடியற்காலையில்தானே நடக்கிறது, எப்படிப் பொழுது சாய்ந்தது என்று கேட்டார். துன்யா ஏதோ முணுமுணுத்தாள். அவர் இரண்டாவது படத்தைப் பார்த்தார். மூன்றாவதைப் பார்த்தார். திரும்ப முதல் படத்துக்கு வந்தார். வலது பக்க மேல் மூலையில் விரலை வைத்தார்.

அங்கே தண்ணீர் வழிந்த தடம் ஒன்று இருந்தது. மூன்று படத்திலும் அதே இடத்தில், அதே கோணலோடு இருந்தது. மூன்றாவது படத்தில் பெண் மூலையில் நின்றதால், அது அவள் மூக்குக்குக் கீழே இறங்கியிருந்தது.

"குழந்தைக்கு ஜலதோஷமா?" என்றார் பிசெர்கா அம்மா.

அது என்ன தடம் என்று துன்யாவுக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. நெவேனா ஒரு குளிர்காலத்தில் சமையலறை ஜன்னல் கண்ணாடியைப் படம் பிடித்து வைத்திருந்தாள். சூப் கொதிக்கிற ஆவியில் வியர்த்த கண்ணாடி அது. அதைத்தான் எல்லாப் படத்துக்கும் மேலே மெலிசாகப் போர்த்தியிருக்கிறாள். வீட்டுக்குள்ளிருந்து வெளியே பார்க்கிற மாதிரி ஒரு கதகதப்பு அந்தப் புத்தகத்தில் இருந்ததே, அது இதனால் வந்தது. துன்யா தட்டிய தட்டில் அந்த ஜன்னலும் சேர்ந்து வந்து உட்கார்ந்துவிட்டது. முகத்தில் விழுந்ததை அழிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அங்கே ஒரு ஜன்னல் இருப்பதே தெரியவில்லை.

பிசெர்கா அம்மா அந்த அடுக்கை மட்டும் எடுத்துவிட்டுக் காட்டச் சொன்னார். துன்யா கம்ப்யூட்டரில் வரைகிற பேனாவைக் கையில் எடுத்தாள். எடுத்து என்ன செய்வது? படத்தில் ஒரே ஒரு அடுக்குதான் இருந்தது. பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளை மாதிரி பேனாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராகக் கேட்டார்.

"போன புத்தகத்தை வேற யாராவது முடிச்சுக் குடுத்தாங்களாம்மா?"

துன்யா வாய் திறக்குமுன் ரஸ்த்கோ பதில் சொல்லிவிட்டான். "இல்லம்மா, எல்லாம் துன்யாதான். வேற யாரு இருக்கா?"

சொல்லிவிட்டுத் திரும்பினான். அவன் முதுகுக்குப் பின்னால் காபித் தட்டோடு நெவேனா நின்றிருந்தாள்.

நெவேனா தட்டை மேசை ஓரத்தில் வைத்தாள். திரையை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு ஒரு பார்வை போதும், எங்கே எது கெட்டது என்று தெரிந்துவிடும். இதோ சொல்லப் போகிறாள், மானம் போகப் போகிறது என்று துன்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

"என் தப்பும்மா," என்றாள் நெவேனா, பிசெர்கா அம்மாவைப் பார்த்து. "அனுப்பறதுக்காகப் படத்தோட அளவைக் குறைச்சுக் குடுன்னு அண்ணி என்கிட்ட சொன்னாங்க. நான் பழைய புத்தகத்து ஃபில்டரைத் தட்டிட்டு எல்லாத்தையும் ஒட்டி வச்சுட்டேன். அண்ணி போட்ட அசல் இப்படி இருக்காது."

பிசெர்கா அம்மாவுக்கு உடனே முகம் தெளிந்தது. தெளிந்த வேகத்தில் நெவேனா பக்கம் திரும்பினார். பிறகு அவர் சொன்னதைத்தான் துன்யாவால் சாகும்வரை மறக்க முடியாது. தெரியாத வேலையில் கை வைக்கக்கூடாது பெண்ணே என்றார். வெளிச்சம் என்பது விளையாட்டுச் சாமான் இல்லை, அதற்கு ஒரு கண் வேண்டும், அது உன் அண்ணிக்கு இருக்கிறது, பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றுக்கொள் என்றார். நெவேனா தலையைக் குனிந்து, சரிம்மா என்றாள்.

துன்யா இதை முழுவதும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரஸ்த்கோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிசெர்கா அம்மா அசலைச் சீக்கிரம் அனுப்பச் சொல்லி, ஒப்பந்தத்தை மேசைமேல் வைத்து, அதன்மேல் பேனாவையும் வைத்துவிட்டு, சர்மா வாசனை இழுக்கிறது என்று விருந்துக்குப் போய்விட்டார்.

வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. பேரும் தப்பியது, ஒப்பந்தமும் வந்தது. துன்யா அந்தப் பேனாவைத் தொடவில்லை.

நெவேனாவைத் தேடிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவள் தொட்டியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டாள் துன்யா.

"அப்பாவோட மெழுகுவர்த்தி எரிஞ்சுட்டிருக்கு. இன்னிக்கு இந்த வீட்ல ஒருத்தர் தலை குனிஞ்சா அவர் பொறுத்துக்க மாட்டார். அதனால சொன்னேன்." தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "உங்களுக்காக இல்ல, அண்ணி."

துன்யா ஒரு துணியை எடுத்து, ஈரம் இல்லாத தட்டையே துடைத்தாள்.

நெவேனா குரலை உயர்த்தவே இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கவே பேசினாள். "தட்டினதும் வர்றது வெறும் குப்பை. எனக்கும் மொதல்ல குப்பைதான் வரும். அதுக்கப்புறம் ஒவ்வொரு அடுக்காத் திறந்து, முகத்துல அழிக்கணும், கையில அழிக்கணும், எங்க கண்ணு போகணுமோ அங்க மட்டும் விட்டு வைக்கணும். ஒரு படத்துக்கு ரெண்டு நாள் ஆகும். இதே மேசைல, உங்க பக்கத்துல உக்காந்துதான் செஞ்சேன். என்னடி பண்றேன்னு ஒரு நாள் திரும்பிப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. மிளகுத்தூள் தூவுகிறாள் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவள் துன்யா. டிவியில் சொன்ன பொய்கூட ஒரு நிமிஷத்துத் தடுமாற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. இரண்டு வருஷமாகத் தினமும் செய்த அவமரியாதை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. ஓடி ஒளியலாம் என்றால் வீடு முழுக்க விருந்தாளிகள், எந்த அறையிலும் நாலு பேர் இருந்தார்கள்.

மன்னித்துவிடு என்று ஆரம்பித்தாள். நெவேனா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

கூடத்தில் அப்போது பெரிய மாமா கோப்பையைத் தூக்கிப் பிடித்து, பரிசு வாங்கிய மருமகள் கைக்கு ஆயுசு கெட்டி என்று வாழ்த்திக்கொண்டிருந்தார். எல்லாரும் கோப்பைகளைத் தூக்கினார்கள். பிசெர்கா அம்மாவும் தூக்கினார். துன்யா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே அந்தக் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள்.

"மாமா, கொஞ்சம் இருங்க," என்றாள். "பிசெர்கா அம்மா, படத்தைக் கெடுத்தது நெவேனா இல்ல. நான்தான் கெடுத்தேன். போன புத்தகத்துல இருக்கற வெளிச்சம் எல்லாம் அவ போட்டது. எனக்கு அது வராது. டிவியில நான் சொன்னது பொய்."

தூக்கிய கோப்பைகள் தூக்கியபடியே நின்றன. மாமா தன் கோப்பையை என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். ஒரு அத்தை சத்தமில்லாமல் சிலுவை போட்டுக்கொண்டாள். திருநாள் அன்று வீட்டுக்காரன் விருந்தாளிகள் முன்னால் உட்காரக்கூடாது என்பது எல்லார் வீட்டிலும் வழக்கம். ரஸ்த்கோ பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டான்.

பிசெர்கா அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, சமையலறை வாசலில் நின்ற நெவேனாவிடம் போய், உன்னைப் பார்த்து என்ன சொல்லிவிட்டேன் என்று அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். கறாரான வாய்தான், ஆனால் தப்பைத் தப்பு என்று ஒத்துக்கொள்ளவும் தெரிந்த வாய்.

அப்புறம் அவர் வேலைப் பேச்சுக்கு வந்துவிட்டார். பரிசுக் குழுவிடம் திங்கட்கிழமை துன்யாவே பேச வேண்டும். பழைய புத்தகத்தின் அடுத்த பதிப்பில் இரண்டு பேர் பேரும் வரும். மேசைமேல் இருக்கிற ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டு, இரண்டு பேருக்குமாக வேறு எழுதலாம். நெவேனாவுக்குச் சம்மதம்தானே?

துன்யா நெவேனாவைப் பார்த்தாள். அன்றைக்கு முதன்முறையாக நேராகப் பார்த்தாள். சொல்லிவிட்டோம், எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டோம், இனிமேல் சரியாகிவிடும் என்று அவள் உள்ளுக்குள் ஒரு சின்ன நம்பிக்கை எழுந்து உட்கார்ந்தது.

நெவேனா ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள்.

"பழைய புத்தகத்துல போடுங்கம்மா. அது என் வேலை, என் பேரு வரணும். புதுசுல வேணாம். அண்ணி பேருக்குப் பக்கத்துல இனிமே என் பேரு வராது."

சொல்லிவிட்டு ஏப்ரனை மடித்து வைத்து, கோட்டை மாட்டிக்கொண்டு, மாமாக்களிடம் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டாள். துன்யா வாசல்வரை பின்னாலேயே ஓடினாள். கையில் சர்மா கட்டிய பாத்திரம் வைத்திருந்தாள். வீட்டுப் பெண்ணை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதே.

நெவேனா பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

"சொன்னது நல்லதுதான், அண்ணி. ஆனா நான் பழியை ஏத்துக்கிட்டதுக்கு அப்புறம்தான் உங்களுக்கு வாய் வந்துது. அண்ணன் சொன்ன பொய்யோட அது முடிஞ்சிருந்தா, நீங்க சொல்லியிருப்பீங்களா?"

துன்யா நின்றாள். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இன்றைக்கு இன்னொரு பொய் வேண்டாம் என்று மூடிக்கொண்டாள்.

நெவேனா படியிறங்கிப் போனாள். கீழ் மாடியைத் தாண்டியிருக்க மாட்டாள், உள்ளேயிருந்து ரஸ்த்கோ கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். துன்யா அவன் கையைப் பிடித்தாள். வீடு நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், மெழுகுவர்த்தியை வைன் ஊற்றி அணைக்க வீட்டுக்காரன்தான் இருக்க வேண்டும் என்றாள்.

"நீயாவது சொல்லிட்டே," என்றான் அவன். "என் தங்கச்சி காதுபடவே வேற யாரு இருக்கான்னு கேட்டவன் நான். எனக்கு இன்னிக்கு அந்த மெழுகுவர்த்தியை அணைக்கற யோக்கியதை இல்ல."

கையை விடுவித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். இரண்டு இரண்டு படியாக அவன் இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு தெருக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அதே கதவு மறுபடி திறந்தது. சோம்போரிலிருந்து ரஸ்த்கோவின் சித்தப்பா குடும்பத்தோடு மேலேறி வந்துகொண்டிருந்தார். துன்யா உள்ளே போய்க் கோதுமைத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். சித்தப்பா மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். உன்னை டிவியில் பார்த்தோம், பெருமையாக இருந்தது என்றார். பிறகு அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வீட்டுக்காரன் எங்கம்மா?"

"வெளியே போயிருக்கார், சித்தப்பா."

"திருநாள் அன்னிக்கா? எப்போ வருவான்?"

துன்யா தட்டை அடுத்தவருக்கு நீட்டினாள்.

"தெரியல," என்றாள்.